2019 வாஷிங்டன் நேஷனல்ஸ்: 19-31 பொய்யா, கோப்பை பொய்யா?

#1 மேரிலாண்ட் மணியன்

வாஷிங்டன் நேஷனல்ஸ் பேஸ்பால் அணியின் 2019 சீசனைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் ஒரே கதைதான். மே 23 அன்று 19 வெற்றி, 31 தோல்வி. அக்டோபர் 30 அன்று உலகத் தொடர் கோப்பை, அதாவது சாம்பியன் பட்டம். நடுவில் ஏதோ அற்புதம் நடந்ததாம். எனக்கு அந்த அற்புதத்தில் நம்பிக்கை இல்லை. மே மாதம் தோற்ற அணிக்கு ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அக்டோபரில் ஜெயித்த அணிக்கும் அதே ஓட்டை இருந்தது. கடைசிவரை அது முழுதாக அடைபடவே இல்லை. அக்டோபரில் அதை மறைத்து ஆட வழி இருந்தது, மே மாதத்தில் இல்லை. என் வாதம் இவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்குச் சின்ன முன்கதை. 2018 இல் 82-80 என்று சுமாராக முடித்தார்கள். பிறகு அணியின் நட்சத்திர அடிப்பவரான ப்ரைஸ் ஹார்ப்பர் 13 ஆண்டு, 33 கோடி டாலர் ஒப்பந்தத்தில் பக்கத்து எதிரியான பிலடெல்பியாவுக்குப் போய்விட்டார். நேஷனல்ஸ் 14 கோடி டாலரில் பேட்ரிக் கார்பினை ஆறு ஆண்டுகளுக்கு எடுத்தார்கள். ஏற்கெனவே மேக்ஸ் ஷெர்ஸர், ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் இருந்தார்கள். புதிதாக அனிபால் சான்செஸும் வந்தார். நால்வரும் பந்து போடும் பிட்ச்சர்கள். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்ச்சர்களில் (ஸ்டார்ட்டர்கள்) இதைவிட நல்ல கூட்டம் அன்று மிகச் சில அணிகளிடம்தான் இருந்தது. ஆனால் அவர்கள் இறங்கிய பிறகு வருகிறவர்கள்? அங்கேதான் வினை.

#2 புதுவரவு

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன், பேஸ்பால் இப்போதுதான் பார்க்கிறேன். ஒரு சந்தேகம். நான்கு நல்ல பிட்ச்சர்கள் இருந்தால் போதாதா? பின்னால் வருகிற ஓரிருவர் சரியில்லை என்றால் ஐம்பது ஆட்டத்தில் 31 தோற்கிற அளவுக்குப் போகுமா?

#3 கணக்குப்பிள்ளை

போகும். ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ். நல்ல ஸ்டார்ட்டர் ஆறோ ஏழோ போடுவார். நூறு பந்து தாண்டினால் கை ஓய்ந்துவிடும், இறக்கிவிடுவார்கள். அப்புறம் அவர் நாலைந்து நாள் கழித்துத்தான் வருவார். கிரிக்கெட் மாதிரி அடுத்த ஸ்பெல்லுக்குத் திரும்பவும் கூப்பிட முடியாது. வெளியே போனவர் அந்த ஆட்டத்துக்குள் வரவே கூடாது. மிச்ச இன்னிங்ஸ்களைப் போட உட்கார்ந்திருக்கிற கூட்டம்தான் புல்பென். 162 ஆட்டம், கிட்டத்தட்ட தினமும் ஆட்டம். அவர்களை ஒளித்துவைக்க இடமே கிடையாது.

நேஷனல்ஸ் புல்பென்னின் ஈஆர்ஏ அந்த ஆண்டு 5.66. அதாவது இவர்கள் ஒன்பது இன்னிங்ஸ் போட்டால் சராசரியாக ஐந்தரை ரன்னுக்கு மேல் கொடுப்பார்கள். நேஷனல் லீகிலேயே மோசமான எண் அதுதான். சீசன் முடிந்து நடக்கும் பிளேஆஃப் சுற்றுகள் வரை போன எந்த அணியும் இவ்வளவு மோசமான புல்பென்னோடு போனதில்லை.

ட்ரெவர் ரோசன்தால் என்று ஒருவர். முழங்கை அறுவை சிகிச்சைக்குப் பிறகு திரும்பி வந்தவர். முதல் நான்கு முறை இறங்கியதில் ஒரு அவுட்கூட எடுக்கவில்லை. ரன் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்பதால் அவர் ஈஆர்ஏ இடத்தில் முடிவிலிக் குறியைப் போட்டார்கள். பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியாரைத் தவிர யாருக்கும் அது சந்தோஷமாக இருந்திருக்காது.

#4 க்வீன்ஸ் அக்கா

நியூயார்க் மெட்ஸ் ரசிகை நான். 19-31 என்ற எண்ணுக்கு நாங்கள்தான் உரிமையாளர்கள், மறந்துவிடாதீர்கள்! அந்த மே மாதம் எங்கள் மைதானமான சிட்டி ஃபீல்டில் நான்கு ஆட்டமும் வரிசையாக உங்களை அடித்து அனுப்பினோம். ஒரு நாள் ஷெர்ஸர் ஆறு இன்னிங்ஸ் ரன்னே கொடுக்காமல் போட்டுவிட்டுப் போனார், எட்டாவது இன்னிங்ஸில் உங்கள் புல்பென் மொத்தத்தையும் எங்களுக்கு வாரிக் கொடுத்தது. மறுநாள் நீங்கள் 4-3 என்று முன்னுக்கு வந்தீர்கள், எங்கள் கார்லோஸ் கோமஸ் அதே எட்டாவது இன்னிங்ஸில் பந்தை வேலிக்கு வெளியே அனுப்பி மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். உங்கள் மேனேஜர் டேவ் மார்ட்டினெஸை அம்பயர் வெளியே அனுப்பியதும் அன்றுதான்; தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். வாஷிங்டன்காரர்கள் எல்லாரும் அவரை வேலையை விட்டே அனுப்புங்கள் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். மணியன், நீங்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தீர்களா?

#5 மேரிலாண்ட் மணியன்

அக்கா, அந்த வாரம் வாஷிங்டனில் அவரை அனுப்பச் சொல்லாத ஆளைக் காட்டினால் காப்பி வாங்கித் தருகிறேன்.

ஆனால் அந்த ஐம்பது ஆட்டத்தில் யார் ஆடினார்கள் என்றும் பாருங்கள். ட்ரே டர்னர் ஏப்ரல் முதல் வாரமே பன்ட் போடப் போய் (மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தட்டுவது) விரலை உடைத்துக்கொண்டார். மற்ற முக்கிய அடிப்பவர்களில் ரெண்டனுக்கு முழங்கை, சோட்டோவுக்கு முதுகு, ஸிம்மர்மனுக்குக் குதிகால். மே தொடக்கத்தில் நால்வருமே காயப் பட்டியலில் இருந்தார்கள். டர்னர் திரும்பியது மே 17. கோமஸ் அடித்த அந்த ஆட்டத்துக்குப் பிறகு 74-38. இது பாதி சீசனுக்கும் மேல். அற்புதம் இவ்வளவு நாள் நீடிக்காது. 74-38தான் அந்த அணியின் நிஜ முகம் என்பேன்.

#6 கணக்குப்பிள்ளை

மணியன் சொல்வதற்கு எண்ணும் சாட்சி. மொத்த சீசனில் 873 ரன் எடுத்தார்கள், 724 கொடுத்தார்கள். 149 ரன் உபரி. அந்த வித்தியாசத்துக்கு வழக்கமாக 95 வெற்றி வரும். இவர்களுக்கு வந்தது 93. அதிர்ஷ்டக் கணக்கில் ஒன்றிரண்டு பாக்கிகூட இருக்கிறது.

#7 ஓய்வுபெற்ற கேட்ச்சர்

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மேனேஜரை மாற்றாமல் பொறுமை காத்ததால்தான் ஜெயித்தார்கள் என்று ஊரெல்லாம் பாடம் எடுத்தார்கள். 2003 ஃப்ளோரிடா மார்லின்ஸ் 16-22 என்று இருந்தபோது ஜெஃப் டார்போர்கை நீக்கிவிட்டு 72 வயது ஜாக் மெக்கீயனைக் கூட்டிவந்தார்கள். அந்த ஆண்டுக் கோப்பை அவர்களுக்குத்தான். 2022 பிலடெல்பியா 22-29 இல் ஜோ ஜிரார்டியை அனுப்பியது. ராப் தாம்ஸன் வந்து உலகத் தொடர் வரை கொண்டுபோனார். பொறுத்தவனும் ஜெயித்திருக்கிறான், பொறுக்காதவனும் ஜெயித்திருக்கிறான். இதில் பாடம் எதுவும் இல்லை.

#8 மேரிலாண்ட் மணியன்

ஒப்புக்கொள்கிறேன் சார். ஆனால் வீரர்களை எடுக்கும் பொறுப்பில் இருந்த பொது மேலாளர் மைக் ரிஸ்ஸோ சும்மா இருந்தார் என்று ஆகிவிடக் கூடாது. மே 2 அன்றே பிட்ச்சிங் கோச்சை அனுப்பிவிட்டு பால் மென்ஹார்ட்டைக் கொண்டுவந்தார். ஜூனில் ரோசன்தாலை விடுவித்தார். ஜூலை கடைசியில் டொரான்டோவிலிருந்து டேனியல் ஹட்சன், சியாட்டிலிலிருந்து இரண்டு பேர். ஆடம்பரமான பேரம் எதுவும் இல்லை. ஆனால் ஹட்சன் இல்லாமல் அந்த அக்டோபரை நினைத்துப் பார்க்க முடியவில்லை. கடைசி அவுட்டை எடுத்தவரும் அவர்தான்.

#9 சுறா ரசிகன்

எல்லாரும் கணக்கையே பேசுகிறீர்கள், ஹெரார்டோ பாராவை ஒருவரும் சொல்லவில்லையே! சான் பிரான்சிஸ்கோ வேண்டாம் என்று விட்ட ஆள். மே மாதம் இங்கே வந்தார். ஜூனில் 22 முறை தொடர்ந்து அடிக்க முடியாமல் போக, தன் வீட்டுக் குழந்தை விரும்பிக் கேட்கும் 'பேபி ஷார்க்' சுறாப் பாட்டைத் தான் அடிக்க இறங்கும்போது ஒலிக்கும் நுழைவுப் பாட்டாக மாற்றினார். ஜூன் 19, ஒரே நாளில் இரண்டு ஆட்டம் (இரட்டை ஆட்டம்) நடந்த நாள். அன்றைக்கே அடிக்கவும் ஆரம்பித்தார். பிறகு அரங்கம் முழுக்கப் பெரியவர்களும் கைகளைச் சுறா வாய் மாதிரி திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். ஹோம் ரன் அடித்தவர் வீரர்கள் உட்காரும் இடமான டக்அவுட்டில் நடனம் ஆட வேண்டும் என்ற வழக்கமும் வந்தது. ஸ்ட்ராஸ்பர்க் மாதிரி ஒட்டாமல் இருக்கிற மனிதரையே கட்டிப்பிடித்து ஆட்டிவைத்தார்கள். அணியின் மனநிலை மாறியதுக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

#10 கணக்குப்பிள்ளை

பாட்டு மாறியது ஜூன் 19. அணி ஜெயிக்க ஆரம்பித்தது மே 24. தேதியைக் கொஞ்சம் பாருங்கள் தம்பி.

#11 ஓய்வுபெற்ற கேட்ச்சர்

சுறாவைக் கேலி செய்யாதீர்கள். ஆறு மாதம் ஒரே அறையில் 25 ஆண்கள், பாதிப் பேருக்கு முப்பதைத் தாண்டிய வயது. சிரிக்க ஏதாவது இல்லை என்றால் ஆகஸ்ட் மாதத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே பிடிக்காது. அது ரன் எடுத்துத் தராது, சரி. ஆனால் தோற்ற மறுநாள் மைதானத்துக்கு வருவதைச் சுலபமாக்கும்.

எனக்கு அந்த ஜூன் 19 வேறு காரணத்துக்காக நினைவிருக்கிறது. முதல் நாள் பன்ட் பயிற்சியில் பந்து தெறித்து ஷெர்ஸருக்கு மூக்கு உடைந்தது. மறுநாள் இரவு ஒரு கண்ணைச் சுற்றிக் கருநீல வீக்கத்தோடு வந்து பிலடெல்பியாவுக்கு எதிராக ஏழு இன்னிங்ஸ். ரன் இல்லை, பத்து பேரை ஸ்ட்ரைக் அவுட். உடைந்த மூக்கோடு குனிந்து எழுந்து போடுவது என்ன வேதனை என்று முகமூடிக்குப் பின்னால் அடி வாங்கியவனுக்குத் தெரியும்.

#12 க்வீன்ஸ் அக்கா

செப்டம்பர் 3 ஐயும் நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் சொன்னால் இன்னும் எரியும். உங்கள் ஊர். ஒன்பதாவது இன்னிங்ஸ் கடைசிப் பாதிக்கு வரும்போது நாங்கள் 10-4. ஆறு ரன் முன்னிலை! கதவைப் பூட்டிவிட்டுத் தூங்கப் போகலாம். ஏழு ரன் எடுத்தீர்கள். எட்வின் டியாஸ் போட்ட பந்தில் கர்ட் சுசுகி மூன்று ரன் ஹோம் ரன், 11-10. புல்பென் உங்களுக்கு மட்டும் இல்லை பிரச்சினை, எங்களுக்கும்தான். இதைச் சொல்ல எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

#13 புதுவரவு

அக்கா, ஆறுதல்கள். மணியன், அக்டோபரில் ஓட்டையை மறைக்க வழி இருந்தது என்றீர்களே, அது எப்படி?

#14 மேரிலாண்ட் மணியன்

வருகிறேன். இதுதான் நான் எழுத வந்ததே.

பிளேஆஃபில் இடையிடையே ஓய்வு நாள் வரும். தோற்றால் வீட்டுக்கு என்பதால் அடுத்த வாரத்துக்கு யாரையும் சேமிக்க வேண்டியதில்லை. ஆகவே மார்ட்டினெஸ் ஒரு முடிவுக்கு வந்தார்: நம்பிக்கையான ஆறு பேர்தான் என்னிடம் இருக்கிறார்கள், எல்லா முக்கியமான இன்னிங்ஸையும் அவர்களே போடட்டும். ஷெர்ஸர், ஸ்ட்ராஸ்பர்க், கார்பின், சான்செஸ். கடைசிக்கு ஹட்சன், ஷான் டூலிட்டில்.

அக்டோபர் 1, மில்வாக்கியோடு வைல்ட் கார்ட், அதாவது ஒரே ஆட்டம் கொண்ட முதல் தகுதிச் சுற்று. ஷெர்ஸர் ஐந்து இன்னிங்ஸில் மூன்று ரன் கொடுத்தார். ஆறாவதில் வந்தது யார்? ஸ்ட்ராஸ்பர்க்! வாழ்க்கையில் அதுவரை அவர் ஒரு முறைகூட நடுவில் இறங்கியதில்லை. மூன்று இன்னிங்ஸ், ரன் இல்லை. எட்டாவதில் 3-1 என்று பின்தங்கியிருந்தபோது மூன்று பேஸிலும் எங்கள் ஆட்கள் நிற்க, அப்போது மிகவும் பயப்பட வேண்டிய ரிலீவரான (புல்பென் பிட்ச்சர்) ஜாஷ் ஹேடரிடம் 20 வயது சோட்டோ வலப்பக்கம் ஒரு அடி அடித்தார். ரைட் ஃபீல்டில் ட்ரெண்ட் க்ரிஷம் பந்தைத் தவறவிட, மூன்று பேரும் ஓடி ரன் எடுத்துவிட்டார்கள். 4-3.

அடுத்தது 106 ஆட்டம் ஜெயித்திருந்த டாட்ஜர்ஸ். தொடரைத் தீர்மானிக்கும் ஐந்தாவது ஆட்டம், லாஸ் ஏஞ்சலஸ், மறுபடியும் எட்டாவது இன்னிங்ஸ், மறுபடியும் 3-1 பின்னடைவு. க்ளேட்டன் கெர்ஷா போட்ட அடுத்தடுத்த இரண்டு பந்துகளில் ரெண்டன் ஒரு ஹோம் ரன், சோட்டோ ஒரு ஹோம் ரன். பத்தாவதில் ஜோ கெல்லியின் பந்தில் ஹோவி கென்ட்ரிக் கிராண்ட் ஸ்லாம், ஒரே அடியில் நான்கு ரன். 7-3. இந்த அணி வாஷிங்டனுக்கு வந்ததே 2005 இல். 2012, 2014, 2016, 2017 என்று நான்கு முறையும் முதல் தொடரிலேயே வெளியேறிய அணி. அன்று இரவு ஊரில் கேட்ட சத்தத்துக்கு அந்த நான்கு வருடமும் சேர்ந்த காரணம் உண்டு.

அடுத்த சுற்றில் வந்த செயின்ட் லூயிஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், நான்கு ஆட்டமும் எங்களுக்கே. முதல் ஆட்டத்தில் சான்செஸ் எட்டாவது இன்னிங்ஸ் வரை ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. அந்தத் தொடர் சீக்கிரம் முடிந்ததால் ஒரு வாரம் ஓய்வு கிடைத்தது பாருங்கள், ஆறு பேரை மட்டும் நம்பியிருக்கிற அணிக்கு அதைவிடப் பெரிய பரிசு வேறு இல்லை.

#15 கணக்குப்பிள்ளை

மணியன் வசதியாக ஒன்றை விட்டுவிட்டார். டாட்ஜர்ஸோடு மூன்றாவது ஆட்டத்தில் இதே உத்தியில் கார்பினை நடுவில் இறக்கினார்கள். ஆறாவது இன்னிங்ஸ். மூன்றில் இரண்டு பங்கு இன்னிங்ஸில் ஆறு ரன் கொடுத்தார். 10-4 தோல்வி. மில்வாக்கி ஆட்டத்தில் க்ரிஷம் அந்தப் பந்தைப் பிடித்திருந்தால் ஒரு ரன்னாவது குறைந்திருக்கும். நல்ல அணி என்பதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் நல்ல அணிகள் பத்தில் ஒன்பது முறை அக்டோபரில் தோற்கும், அதுதான் இந்த ஆட்டத்தின் இயல்பு. 19-31 பொய் என்றால், ஆறு பேரை வைத்து வாங்கிய கோப்பையும் பாதி சூதாட்டம்தான்.

#16 ஓய்வுபெற்ற கேட்ச்சர்

ஸ்டார்ட்டரைக் கடைசியில் இறக்குவது மார்ட்டினெஸ் கண்டுபிடித்த சூதாட்டம் இல்லை பிள்ளைவாள். வாஷிங்டனுக்கு அதற்கு முன் கிடைத்த ஒரே கோப்பை 1924. அன்றைய செனட்டர்ஸ் அணி, நியூயார்க் ஜயன்ட்ஸோடு ஏழாவது ஆட்டம். அந்தத் தொடரில் தொடங்கிய இரண்டு ஆட்டத்தையும் தோற்றிருந்த வால்டர் ஜான்சனை ஒன்பதாவது இன்னிங்ஸில் கூப்பிட்டார்கள். 36 வயது. நான்கு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் போட்டார். பன்னிரண்டாவதில் ஏர்ல் மெக்நீலி தரையோடு அடித்த பந்து மூன்றாம் பேஸ் ஆளின் தலைக்கு மேல் துள்ளிப் போய் 4-3. பந்து ஏன் துள்ளியது? கூழாங்கல்லில் பட்டது என்பார்கள். அதற்காக ஜான்சனை யாராவது சூதாடி என்றார்களா?

#17 மேரிலாண்ட் மணியன்

அருமை சார். 95 வருடம் கழித்து நடந்ததும் கிட்டத்தட்ட அதேதான்.

உலகத் தொடரில் எதிரே 107 ஆட்டம் ஜெயித்த ஹூஸ்டன். அங்கே போய் அவர்களுடைய பெரிய ஸ்டார்ட்டர்களான கெரிட் கோலையும் வெர்லாண்டரையும் அடுத்தடுத்து வென்றோம், 5-4, 12-3. வாஷிங்டன் திரும்பி மூன்றும் தோல்வி: 4-1, 8-1, 7-1. ஐந்தாவது ஆட்டத்தன்று காலையில் கழுத்துப் பிடித்துக்கொண்டு ஷெர்ஸரால் கையைத் தூக்கவே முடியவில்லை. ஜோ ராஸ் போட்டார். சீசனே முடிந்துவிட்டது போலத்தான் இருந்தது. மறுபடி ஹூஸ்டன். ஆறாவது ஆட்டத்தில் ஸ்ட்ராஸ்பர்க் ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை நின்றார், 7-2. புல்பென் பக்கமே போகாமல் இருக்க இதைவிட நல்ல வழி என்ன?

ஏழாவது ஆட்டத்தில் கழுத்து ஊசியோடு ஷெர்ஸர் ஐந்து இன்னிங்ஸ். பேஸில் எப்போதும் அவர்கள் ஆள் நின்றுகொண்டே இருந்தார்கள், ஆனால் இரண்டு ரன்னோடு தப்பினார். ஹூஸ்டனின் ஜாக் கிரைன்கி எங்களைக் கட்டிப்போட்டிருந்தார். ஏழாவது இன்னிங்ஸில் ரெண்டன் ஹோம் ரன், சோட்டோ வாக், அதாவது அடிக்காமலே முதல் பேஸ். எண்பது பந்து மட்டுமே போட்டிருந்த கிரைன்கியை ஹூஸ்டன் மேனேஜர் ஏ.ஜே. ஹின்ச் இறக்கிவிட்டு வில் ஹாரிஸைக் கூப்பிட்டார். கென்ட்ரிக் அடித்தது வலப்பக்க எல்லைக் கம்பத்தில் டங்கென்று பட்டது, ஹோம் ரன். ஒரு சாண் தள்ளியிருந்தால் ஃபௌல். எங்கள் பக்கம் ஆறு, ஏழு, எட்டு மூன்றையும் போட்டது கார்பின். ஒன்பது, ஹட்சன். 6-2. அந்த 5.66 புல்பென்னில் மே மாதம் இருந்த ஒருவர்கூட அன்று பந்தைத் தொடவில்லை.

ஏழு ஆட்டத்திலும் வெளியூர் அணியே ஜெயித்த உலகத் தொடர் அதற்கு முன் நடந்ததே இல்லை.

#18 க்வீன்ஸ் அக்கா

சரி, கொண்டாடியாயிற்று. அப்புறம் என்ன ஆனது என்பதையும் எழுதுங்கள். ஸ்ட்ராஸ்பர்க்குக்கு 24.5 கோடி டாலர் கொடுத்தீர்கள், அதற்குப் பிறகு அவரால் எட்டே ஆட்டம்தான் போட முடிந்தது. உடம்பு விடவில்லை, பாவம். ரெண்டன் அதே தொகைக்கு ஏஞ்சல்ஸ் போனார். 2021 இல் ஷெர்ஸரும் டர்னரும் ஒரே பேரத்தில் டாட்ஜர்ஸுக்கு. 2022 இல் சோட்டோ சான் டியேகோவுக்கு, அந்த வருடம் 107 தோல்வி. ரிஸ்ஸோவையும் மார்ட்டினெஸையும் 2025 ஜூலையில் ஒரே நாளில் அனுப்பினார்கள். ஆறு பேர் தோளில் நின்ற கட்டடம்தானே.

எங்கள் கதையையும் சொல்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். அதே சோட்டோவை 76.5 கோடி டாலருக்கு எடுத்தோம். 2025 ஜூன் 12 அன்று 45-24, மொத்த பேஸ்பாலிலும் முதல் இடம். முடிந்தது 83-79. சின்சினாட்டியும் அதே 83-79. நேருக்கு நேர் ஆடியதில் அவர்கள் கை ஓங்கியிருந்ததால் அவர்கள் உள்ளே, நாங்கள் வெளியே. கடைசி நாள் ஒரு ஆட்டம் ஜெயித்திருந்தால் போதும். 45-24 பொய்யா, 83-79 பொய்யா, கணக்குப்பிள்ளை, நீங்களே சொல்லுங்கள்.

#19 கணக்குப்பிள்ளை

இரண்டும் நிஜம்தான் அக்கா. ஜூன் வரை உங்கள் ஸ்டார்ட்டர்கள் தாங்கினார்கள், பிறகு காயமும் களைப்பும் வந்து அந்தப் பக்கம் சரிந்தது. மணியன் கதையைத் தலைகீழாகப் பிடித்தால் உங்கள் கதை.

#20 புதுவரவு

இவ்வளவும் படித்துவிட்டு ஒரே ஒரு ஆட்டம் பார்க்க வேண்டும் என்றால் எது? ஏழாவதா?

#21 ஓய்வுபெற்ற கேட்ச்சர்

வேண்டாம். டாட்ஜர்ஸோடு ஆடிய ஐந்தாவது ஆட்டம். ஆறாவது இன்னிங்ஸிலிருந்து பார்த்தால் போதும், கெர்ஷா ஏழாவதில் வந்து ஒருவரை அவுட் ஆக்கிவிட்டு நிம்மதியாக இறங்கிப் போவதைக் கவனியுங்கள். எட்டாவதுக்கு அவரையே திரும்ப அனுப்பியது சரியா என்று தனி இழை போட்டால் நான் வருகிறேன்.

#22 சுறா ரசிகன்

ஜூன் 19 இரட்டை ஆட்டம். மாற்றுக் கருத்து இல்லை.